கடல் கடந்த குடும்பங்களுக்கு, கிறிஸ்துமஸ் மடலின் படத்தைக் குறித்து



பாளையங்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து வளர்ந்து, உத்தியோகத்தின் நிமித்தமாகவும் விவாகத்தின் நிமித்தமாகவும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் குடியேறி, ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை ஒட்டி உங்கள் குடும்பத்தின் புகைப்படத்தையே வாழ்த்து மடலாக அச்சிட்டு ஊருக்கு அனுப்பிவைக்கும் உங்கள் அனைவருக்கும் அன்பும் ஸ்தோத்திரமும். அக்டோபர் மாதம் பிறந்துவிட்டது. ஆண்டு முழுவதும் எடுத்த படங்களைக் கைப்பேசியில் புரட்டிப் பார்த்து, ‘இதில் சின்னவன் கண்ணை மூடிவிட்டான், அதில் புடைவை மடிப்புச் சரியாக விழவில்லை’ என்று கணவனும் மனைவியும் ஆலோசிக்கத் தொடங்கும் பருவம் இது. அந்த ஆலோசனை முடிந்து படம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், அது வந்து சேருகிற இடத்தில் நடப்பவற்றைக் கண்ணாரக் கண்டவன் என்ற முறையில், சில விஷயங்களை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்னும் ஆவலினால் இதை எழுதுகிறேன்.

நம் திருச்சபைச் சேகரத்தில் முதியோர் மாத்திரம் தனித்திருக்கும் வீடுகளுக்குச் சென்று, பார்வை மங்கியவர்களுக்கு வேதபுத்தகத்தையும் வந்த கடிதங்களையும் வாசித்துக் காட்டும் சிறு ஊழியம் நெடுங்காலமாக எனக்கு வாய்த்திருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அவ்வீடுகளுக்குள் நுழைந்தால், உங்கள் மடலைப் பற்றிய பிரஸ்தாபம் இல்லாமல் எந்தச் சம்பாஷணையும் முடிவதில்லை. தபால்காரர் கொடுத்த உறையை அவ்வீட்டு ஆச்சி உடனே கிழித்துவிட மாட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உறையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் மெல்ல நறுக்கி, படத்தை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்காக வாசல் நிலையண்டை வந்து நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, சுட்டுவிரலை ஒவ்வொரு முகத்துக்கும் நேரே, அட்டையில் படாமல் நிறுத்தி, ‘இது பெரியவன், இது மருமகள், இது நடுவுள்ளவனா, கடைக்குட்டியா?’ என்று கேட்பார். கடைக்குட்டிதான் என்று சொன்னால், ‘இவ்வளவு உயரமாகிவிட்டானா?’ என்று மறுபடியும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அதன் பிறகு அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் கையால் எழுதியது ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவார். அநேக அட்டைகளில் அங்கே அச்சிட்ட நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

வாசலில் வெளிச்சம் தேடி நிற்கும் அந்த முதியவரின் கண்களைக் கொண்டு படத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் உங்களிடம் செய்துகொள்ளும் விண்ணப்பம். காரியாலயத்து நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதே மடல்தான் போகிறது என்பதை அறிவேன். அவர்கள் உங்களை நாள்தோறும் காண்கிறவர்கள்; படம் எப்படி இருந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. மூன்றாண்டுகளுக்கு ஒரு முறையோ ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையோ உங்களை நேரில் காணும் பாக்கியம் வாய்த்தவர்களுக்கோ, இடைக்காலத்தில் பேரப்பிள்ளைகள் வளர்ந்த வளர்ச்சி முழுவதும் அந்த ஓரட்டையின் வாயிலாகவே தெரியவேண்டியிருக்கிறது. ‘கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே’ என்று நீங்கள் சொல்லக்கூடும். பேசுகிறீர்கள், ஆனால் அந்த முகம் அசைந்துகொண்டேயிருந்து, பேச்சு முடிந்ததும் போய்விடுகிறது. வீட்டில் வேறொருவரும் இல்லாத நடுப்பகலில் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டுமட்டும் பார்த்திருக்கக் கூடியது காகிதத்தில் அச்சான படம் ஒன்றே.

இவ்வழக்கத்தின் ஆதியை ஆராய்ந்தாலும், பெறுகிறவரை முன்னிட்டே அது தோன்றியது என்பது புலப்படும். அரை அவுன்ஸ் எடைக்கு மேற்படாத கடிதம் ஒரு பென்னி கட்டணத்தில் தேசத்தின் எந்த மூலைக்கும் செல்லலாம் என்ற தபால் சீர்திருத்தம் இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ரோலண்ட் ஹில் என்பவர் கொணர்ந்த அச்சீர்திருத்தத்தில் அவருக்குத் துணைநின்று உழைத்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் லண்டன் தென் கென்சிங்டன் பொருட்காட்சிசாலையின் தலைவராக விளங்கிய ஹென்றி கோல். 1843-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத அவகாசமின்றி, அவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு சித்திரம் வரையச் செய்து, அதைக் கல்லச்சில் பதித்து, கையால் வர்ணம் தீட்டுவித்து நண்பர்களுக்கு அனுப்பினார். வியாபார முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அதுவே என்பர். அதன் நடுவே இருப்பது ஒரு குடும்பம். பாட்டன் பாட்டி முதல் குழந்தைகள் வரை மூன்று தலைமுறையினர் ஒரே மேஜையைச் சூழ்ந்து அமர்ந்து, கிண்ணத்தை உயர்த்தி, மடலைக் கையில் பிடித்திருப்பவருக்கே வாழ்த்துக் கூறுகிறார்கள். இருமருங்கிலும் பசித்தோருக்கு உணவளிப்பதும் ஆடையற்றோருக்கு ஆடை வழங்குவதுமான தர்மச் செயல்கள் தீட்டப்பட்டிருக்கின்றன; பெறுகிறவர் பெயருக்கும் அனுப்புகிறவர் பெயருக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது. சிறு குழந்தையும் திராட்சரசம் பருகுவதாக வரைந்துவிட்டார்களே என்று மதுவிலக்குப் பற்றாளர்கள் கண்டனம் செய்தார்கள். எஞ்சிய பிரதிகள் ஒன்று ஒரு ஷில்லிங் வீதம் விற்கப்பட்டமையால், கூலி வேலை செய்பவர்கள் அதை வாங்க வழியில்லாமலும் இருந்தது. இருந்தாலும், அந்த மேஜைக்கு வரமுடியாத ஒருவரை நினைத்து ஒரு குடும்பம் முழுவதும் கிண்ணம் உயர்த்துகிறது என்பது என் உள்ளத்தை மிகவும் ஈர்க்கிறது. ஆகையால், இக்காலத்தில் வழங்கும் ஒரு பாணியை, அதாவது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடியோ, கைகோத்துக்கொண்டு முதுகைக் காட்டி நடந்தபடியோ எடுத்துக்கொள்ளும் படங்களை, இம்மடலுக்கு மாத்திரம் தவிர்த்துவிடுங்கள். எல்லோருடைய கண்களும் கேமராவை நோக்கியிருக்கும் படத்தில்தான், வாசலில் நிற்கும் ஆச்சியை நீங்கள் பார்க்கிறீர்கள்.

புகைப்படம் இம்மடலுக்குள் பரவலாகப் புகுந்தது இருபதாம் நூற்றாண்டின் உதயத்தில். ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியார் 1900-ஆம் ஆண்டு ‘பிரௌனி’ என்ற சிறு கேமராவை ஒரு டாலர் விலையில் வெளியிட்டு, ஸ்டூடியோவுக்குப் போக வசதியற்ற குடும்பங்களும் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொள்ள வழி செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், பின்புறம் தபால் அட்டையாகவே அமைந்த புகைப்படக் காகிதமும், மூன்றேகாலுக்கு ஐந்தரை அங்குலம் என்ற அட்டை அளவுக்கே படம் பிடிக்கும் கேமராவும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படங்கள் அப்படியே தபாலில் உறவினரைச் சென்றடையத் தொடங்கின. 1907 மார்ச் மாதம் வரையில் அந்நாட்டில் அட்டையின் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதி இல்லாதிருந்தும், படத்தின் ஓரத்திலும் வானம் தெரியும் வெற்றிடத்திலும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதி அனுப்பியவர்கள் பலர். உங்களுக்கோ பின்புறம் முழுவதும் காலியாகக் கிடைக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முகத்தின் அளவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இலையுதிர் காலத்தில் உங்கள் ஊர் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் கொண்டு நிற்கும் சோபையை நானும் உங்கள் படங்களில் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். அதைச் சேர்த்துக் காட்ட விரும்புவது இயல்பே. ஆனால் ஐந்துக்கு ஏழு அங்குல அட்டையில் மரமும் வானமும் புல்வெளியும் போக, நடுவில் நிற்கும் உங்கள் உருவம் சில சமயம் ஒன்றரை அங்குல உயரமே தேறுகிறது. வளர்ந்த மனிதனின் தலை, அவன் உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் எட்டில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது என்று சித்திரக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அதன்படி உங்கள் முகம் கால் அங்குலத்துக்கும் குறைவு. கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், மகனின் கன்னம் ஒட்டியிருக்கிறதா, மகளின் கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருக்கிறதா, பேத்திக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்று அதில் எப்படிக் காண்பார்? அவர்கள் தேடுவது அவற்றைத்தானே! ஒருவர் தோளோடு ஒருவர் நெருங்கி நின்று, முழங்காலுக்கு மேல் தெரியும்படி எடுத்த படமாகப் பாருங்கள். அட்டையில் எந்த முகமும் பெருவிரல் நகத்தின் அளவுக்குக் குறையலாகாது என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது. ஓர் ஆண்டின் விசேஷங்களையெல்லாம் ஒன்பது சதுரங்களாக அடுக்கி அச்சிடுவதும் வேண்டாம். பனிமலையும் கடற்கரையும் காட்டியே தீரவேண்டுமானால் தனித்தாளில் அச்சிட்டு உள்ளே வையுங்கள்.

ஆடை விஷயத்தில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவது உங்களுக்குச் சந்தோஷமானால் அப்படியே செய்யுங்கள். ஊரிலிருந்து அனுப்பிய பாவாடை சட்டையைக் குழந்தைக்கு அணிவித்து எடுத்த படம் ஒன்று இருக்குமானால் அதற்கு முதலிடம் கொடுங்கள். அளவு தெரியாமல் உத்தேசமாகத் தைக்கக் கொடுத்தவர், அது பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கக் காத்திருக்கிறார்.

ஒரு பிள்ளை கண்ணை மூடிவிட்டது என்பதற்காக, மற்றவர்கள் எல்லோரும் முகம் மலர்ந்து நிற்கும் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படம் பிடித்த காலத்தில், சில விநாடிகள் அசையாமல் இருக்கவேண்டியிருந்தமையால், குழந்தை மாத்திரம் தலையைத் திருப்பி முகம் கலைந்துபோன படங்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் சுவரில் தொங்குகின்றன. அந்தக் கலைந்த முகத்தைக் காட்டி, ‘இதுதான் உன் தாத்தா’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்றைய கருவிகள் ஒரு படத்து முகத்தை இன்னொரு படத்து உடலில் பொருத்திக் கொடுத்துவிடுகின்றன. அதைச் செய்யவேண்டாம். அந்தக் கணத்தில் பிள்ளை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும்.

நான் மிகவும் மனங்கொண்டு சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. படத்தில் யார் இல்லை என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக, ஆறு மாதம் தங்குவதற்கு அனுமதி பெற்று, அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக விமானம் ஏறி வந்த தாயார் உங்கள் வீட்டில் இருக்கிறார். குளிர் தாங்காமல், மருமகனின் கம்பளிச் சட்டையைப் புடைவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பிள்ளைக்கு வெந்நீர் வைப்பதும் பத்தியக் குழம்பு கூட்டுவதுமாக இருக்கிறார். படம் எடுக்கும் சமயத்தில், ‘நான் எதற்கு, நீங்கள் நில்லுங்கள்’ என்று ஒதுங்குவார். பல குடும்பங்களில் கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்து, அவரையே படம் எடுக்கவும் சொல்லிவிடுகிறோம். அந்த மடல் இங்கே வந்து சேரும்போது, அவருடைய தங்கையும் நாத்தனாரும் பிறந்த குழந்தையைப் பார்த்துப் பூரித்த மறுகணமே, ‘அக்காளைக் காணோமே’ என்று கேட்கிறார்கள். அந்தக் கம்பளிச் சட்டையோடு, தலை வாரியிருந்தாலும் வாராவிட்டாலும், குழந்தையை அவர் மடியில் வைத்து எடுத்த படம் இருந்தால் அதையே அச்சிடுங்கள். அவ்வாறே, ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்தில் ஒருவரே படம் எடுப்பவராக இருந்து, ஒரு படத்திலும் இடம்பெறாமல் போகிறார். பக்கத்து வீட்டாரை அழைத்து அவரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். உடல் நலம் குன்றிய பிள்ளையோ, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாமனாரோ இருந்தால், அவரை ஓரத்தில் நிறுத்திப் பிறகு ஓரத்தை வெட்டிவிடும்படியான அமைப்பு வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் முதியோருக்கும் பலவீனருக்கும் நடு நாற்காலி கொடுத்து, மற்றவர்கள் சூழ்ந்து நிற்பதும் சிறுவர்கள் பாயில் அமர்வதுமாக இருந்த சம்பிரதாயம் மிகவும் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்து, அம்மைத் தழும்பை மறைத்ததோடு, கறுத்த முகத்தைச் சிவப்பாக்கியும் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பிய படங்களில் அது எத்தனை பெண்களின் மனத்தை நோகச் செய்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அதே காரியத்தை இன்று கைப்பேசி, யாரும் கேளாமலே செய்துவிடுகிறது. உங்கள் மகள் தன் அப்பத்தாவின் நிறத்தில் பிறந்தவள்; அந்த நிறத்திலேயே அவளைக் காண அப்பத்தா விரும்புகிறார். ஆகவே, அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த மெருகையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது கடந்த பிள்ளைகளிடம் படத்தைக் காட்டி, அவர்கள் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வயதில் தன் முகத்தைப் பிறர் பார்ப்பதைப் பற்றிய கூச்சம் மிகுதியாக இருக்கும். அப்பருவத்துப் பிள்ளை தானே தேர்ந்த படத்தில் சிரிக்காமல் நின்றாலும், தாத்தா அதைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

சென்ற பண்டிகைக்குப் பிறகு குடும்பத்தில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தால், அவ்வாண்டு மடலே அனுப்பாமல் இருந்துவிடுவது பலரின் வழக்கம். துக்கத்தின் நிமித்தம் கொண்டாட்டத்தைக் குறைத்துக்கொள்வதை நான் மதிக்கிறேன். ஆயினும், கணவரை இழந்து தனித்திருக்கும் தாயார், எல்லா வீட்டுக்கும் தபால் வரும் அந்த மாதத்தில் தம் வீட்டுக்கு ஒன்றும் வராமல் இருப்பதை எவ்வாறு உணர்கிறார் என்பதைக் கண்டிருக்கிறேனாகையால், அவருக்கு மட்டுமாவது அனுப்பத் தவறாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாழ்த்து வாசகம் இல்லாமல் இருக்கட்டும். அவ்வாண்டு இறந்தவரும் உடனிருக்க எடுத்த கடைசிக் குடும்பப் படம் இருந்தால் அதை அனுப்புங்கள். அவர் நோயுற்று மெலிந்த நிலையில் இருக்கும் படமானால், அதை விட்டுவிட்டு, இப்போது இருக்கிறவர்கள் சேர்ந்து நிற்கும் படத்தை அனுப்புங்கள்.

அட்டையின் பின்புறத்தில் கையால் எழுதுங்கள் என்று சொல்லவே இவ்வளவும் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் குழுப் படங்களின் கீழே ‘அமர்ந்திருப்போர், நிற்போர், இடமிருந்து வலமாக’ என்று பெயர்களை வரிசையாகப் போடுவார்களே, அந்த முறையையே கைக்கொண்டு, பெயர், பிள்ளைகளின் வயது, எடுத்த ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதிவிட்டால், இன்று ஆச்சிக்கும், முப்பது ஆண்டுகள் கழித்து, படங்கள் வைத்திருக்கும் அலமாரியைத் திறப்பவருக்கும் சந்தேகம் இராது. தமிழ் எழுத்துப் பழகும் பிள்ளை இருந்தால், எழுத்துக் கோணலானாலும் அதன் பெயரை அதுவே எழுதட்டும். பளபளப்பான தாளின் மேல் டியூப்லைட் வெளிச்சம் பட்டு முகத்தை மறைத்துவிடுவதால், மங்கலான பரப்புள்ள மேட் தாளையே தேர்ந்தெடுங்கள். எழுதுவதற்கும் அதுவே ஏற்றது. பந்துமுனைப் பேனாவை அழுத்தினால் முகத்தின் மேல் வடு விழுமாதலால், மெல்லிய முனையுள்ள அழியாத மைப் பேனாவினால் எழுதி, மை உலர்ந்த பிறகு உறையில் இடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தில் புகைப்படத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடுவதை இங்கே அடிக்கடி காண்கிறோம். ஆகையால், அலமாரிக் கண்ணாடியில் செருகுவோருக்காகச் சுற்றிலும் ஓரம் விட்ட தடித்த அட்டைச் சட்டம் ஒன்றையும் உடன் வைத்தால் பேருபகாரமாக இருக்கும்.

தேர்ந்தெடுக்கப்படாத படங்களில் நான்கைந்தைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு அதே உறையில் சேர்த்துவிடுங்கள். கண் மூடியதும், தலை கலைந்ததும், ஒருவர் தும்மியதுமான அப்படங்களையும் இங்கே ஆவலோடு பார்ப்பார்கள். சதுரமான உறைக்கு அமெரிக்கத் தபாலில் அதிகக் கட்டணம் உண்டு என்பதால் நீள உறையே நல்லது. நவம்பர் மாதம் முடிவதற்குள் தபாலில் சேர்த்தால் பண்டிகைக்கு முன் வந்துசேர வாய்ப்பு அதிகம். பல தெருக்களில் கதவிலக்கம் மாறியிருக்கிறது. ஆகவே புதிய எண்ணைக் கேட்டறிந்து, பின்கோடோடு, வீட்டில் இருப்பவரின் கைப்பேசி எண்ணையும் உறையின் மேல் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தபால்காரர் வரும்போது வாசலுக்கு எழுந்துவர அவர்களுக்குச் சற்று நேரமாகும்.

இங்ஙனம்,
உங்கள் சேகரத்து மூத்த அங்கத்தினன் ஒருவன்